லிப்ரே ஆபிஸ்: மென்பொருளுக்கு நாலு நட்சத்திரம், பேருக்கு ஒன்றரை

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில் 2008இல் இருந்து போட்டோஸ்டேட் கடை நடத்துகிறேன். பெஸ்தாரி ஜெயா என்று சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரை 2007இலேயே மாற்றிவிட்டார்கள். கடைப் பலகையிலும் புதுப் பெயரைத்தான் போட்டேன். இருந்தாலும் போனில் யாராவது வழி கேட்டால், "பழைய பத்தாங் பெர்ஜுந்தை தெரியும்ல, அதுதாங்க" என்றுதான் இன்றுவரை ஆரம்பிக்கிறேன். நான் எழுத வந்தது ஊரைப் பற்றி இல்லை, கடிதமும் கணக்கும் அடிக்க உதவும் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளைப் பற்றி. ஆனால் ஊருக்கு வந்த அதே வியாதி அதற்கும் வந்திருக்கிறது.

என் கடையில் நடப்பது சின்னச் சின்ன வேலைகள்தான். தமிழ்ப்பள்ளிச் சோதனைத்தாள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கடிதம், ஆலயத் திருவிழா அழைப்பிதழ், வேலை விண்ணப்பம், ஐசி (அடையாள அட்டை) நகல், கல்யாணப் பத்திரிகை, சமயத்தில் பதினாறாம் நாள் காரியத்துக்கு அறிவிப்பு. இதையெல்லாம் பதினைந்து வருடமாக ஒரே கம்ப்யூட்டரில், ஓப்பன் ஆபிஸ் 3 என்ற இலவச மென்பொருளில் செய்துவந்தேன். யாரோ கொடுத்த சிடியில் இருந்து போட்டது. அது பாட்டுக்கு ஓடியது, நானும் அது யார் எவர் என்று கேட்கவில்லை. போன வருடம் அந்தக் கம்ப்யூட்டர் ஒரேயடியாகக் கண்ணை மூடிக்கொண்டது.

850 வெள்ளிக்கு ஒரு பழைய மடிக்கணினி வாங்கினேன். விற்ற கடைக்காரத் தம்பியிடம், "ஓப்பன் ஆபிஸ் போட்டுக் கொடுப்பா" என்றேன். "அது இப்ப இல்லக்கா, லிப்ரேதான்" என்று சொல்லி லிப்ரே ஆபிஸ் 24.8 போட்டுக் கொடுத்தான். ஓப்பன் ஆபிஸ் இல்லை என்று அவன் சொன்னது சரியில்லை. அது இருக்கிறது, பேச்சு மூச்சு குறைவாக. அதைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு விளங்கியது, பேர் மாறிவிட்டது, ஆள் அதே ஆள் என்பது மட்டும்தான். என் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் திரையில் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "லைப்ரரி ஆபிஸா? நூலகத்துக்காரங்க கொடுத்ததா?" என்றார். லிப்ரே என்றால் பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் சுதந்திரம் என்று பொருள். அதை அவருக்குச் சொன்னேன். அடுத்த வாரமும் லைப்ரரி ஆபிஸ் என்றுதான் கேட்டார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம்.

பள்ளியில் இருந்து வரும் கோப்புகள் எல்லாம் மைக்ரோசாப்ட் வேர்டில் செய்தவை. பழைய ஓப்பன் ஆபிஸில் அவற்றைத் திறந்தால் அட்டவணை ஒரு பக்கம் ஓடும், படம் ஒரு பக்கம் ஓடும். லிப்ரேயில் பத்தில் எட்டு கோப்பு வந்தபடியே நிற்கிறது. கலிப்ரி எழுத்துரு இல்லாத இடத்தில் கார்லிட்டோ என்ற எழுத்துருவை அதுவே போட்டுக்கொள்கிறது. கலிப்ரியின் எழுத்து எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் செய்யப்பட்டது என்பதால் வரி உடைவதில்லை. கேம்பிரியாவுக்குக் கலாடியா. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். 12 பக்கச் சோதனைத்தாள் 13 பக்கமாகி, 90 பிரதி எடுத்து முடித்த பிறகு கடைசிப் பக்கத்தில் ஒற்றைக் கேள்வி மட்டும் தொங்குவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மீதி இரண்டு கோப்பில் பக்க ஓரக் கோடு நகர்ந்துவிடுகிறது. அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹைபிரிட் பிடிஎப். பிடிஎப் ஆக மாற்றும்போது ஒரு பெட்டியில் டிக் போட்டால் போதும், அந்தப் பிடிஎப்புக்கு உள்ளேயே மூலக் கோப்பும் உட்கார்ந்துகொள்ளும். யார் திறந்தாலும் சாதாரணப் பிடிஎப். நான் லிப்ரேயில் திறந்தால் மாற்றி எழுதலாம். திருவிழா அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போன வருட மூலத்தைத் தொலைத்துவிட்டு, மறுபடி முதலில் இருந்து அடித்த காலம் எனக்கு உண்டு. இப்போது வாட்ஸ்அப்பில் இருப்பதே மூலம்.

பெயர்ப் பட்டியலை வைத்து ஒரே கடிதத்தைப் பலருக்கு அடிக்கும் வசதியும் நன்றாக இருக்கிறது. முதல் தடவை பழக்கிக்கொள்ள ஒரு மாலை பிடித்தது. தமிழ் யுனிகோடு எழுத்து, தமிழ் 99 விசைப்பலகை எல்லாவற்றோடும் சண்டை இல்லாமல் போகிறது. என் மடிக்கணினி வயசானது என்பதால் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் திறந்திருக்கும்.

மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் ஆசையாக மாற்றினேன். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏதாவது சிக்கல் வந்து இணையத்தில் தேடினால், பதில் சொல்பவர்கள் எல்லாரும் ஆங்கில மெனுவின் பெயரைச் சொல்கிறார்கள். தமிழில் அது எந்த வரி என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டே வாரத்தில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டேன். வருத்தம்தான்.

இனி ஒன்றரை நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு 286 கடிதம். பட்டியலை ஏற்றி, பாதி வேலையில் இருக்கிறேன். மதியம் நம் ஊர் மழை தெரியும்தானே, இடியோடு மின்சாரம் போனது. மடிக்கணினியின் பேட்டரி பழசு, கூடவே போனது. வந்ததும் திறந்தால் லிப்ரே, "உங்கள் கோப்பை மீட்கட்டுமா" என்று கேட்டது. சரி என்றேன். கொஞ்சம் ஓடி மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி அதே கேள்வி. வேண்டாம் என்று சொன்னாலும் மூடிக்கொண்டது. வேறு கோப்பைத் திறக்கப் போனாலும் குறுக்கே வந்து அதையே கேட்டது. செக்கு மாடு மாதிரி அதே வட்டம்.

முதல் ராத்திரி. கை பழக்கத்தில் ஓப்பன் ஆபிஸ் என்று போட்டுத்தான் தேடினேன். பதினைந்து வருடமாக விரலுக்குத் தெரிந்த பெயர் அதுதான். பதில் கொட்டியது. என்னைப் போலவே மாட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேர். எல்லாரும் ஒரே மருந்தைச் சொன்னார்கள்: ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் போல்டருக்குள் போ, ஓப்பன் ஆபிஸ் போல்டர் இருக்கும், அதற்குள் 3, அதற்குள் யூசர், அதன் பெயரை மாற்று. மறைந்திருப்பதைக் காட்டச் செய்து உள்ளே போனேன். ஓப்பன் ஆபிஸ் என்று எதுவும் இல்லை. நான் தப்பான இடத்தில் பார்க்கிறேன் என்று நினைத்து டிஸ்க் முழுக்கத் தேடினேன். அடுப்பில் வைத்த பால் பொங்கியது மட்டும்தான் மிச்சம்.

இரண்டாம் ராத்திரி. அதே இடத்தில் லிப்ரே ஆபிஸ் என்று ஒரு போல்டர் இருந்ததைக் கவனித்தேன். திறந்தால் உள்ளே 4 என்று இருந்தது. என்னுடையது 24.8. 4 என்றால் விற்றவர் முன்னே எப்போதோ போட்ட பழைய பதிப்பின் குப்பை போல என்று முடிவு கட்டி மூடிவிட்டேன். அது குப்பை இல்லை. பதிப்பு 5 ஆகி, 6 ஆகி, 7 ஆகி, பிறகு வருடத்தை வைத்து 24 ஆன பிறகும் அந்தப் போல்டருக்கு மட்டும் 4 என்றே பெயர் நின்றுவிட்டது. போதாக்குறைக்கு இப்போதைய ஓப்பன் ஆபிஸின் போல்டருக்குள்ளேயும் 4 என்றுதான் இருக்குமாம். நான் மூடிய கதவுக்குப் பின்னால்தான் மருந்து இருந்தது.

மூன்றாம் நாள் என் அக்கா மகன் வந்தான். யூனிசெல்லில் கம்ப்யூட்டர் படிக்கிறவன். "சின்னம்மா, மென்பொருள் பேரைப் போட்டுத் தேடாதீங்க. அது ஓடும்போது உள்ளுக்குள்ள என்ன பேரு வச்சிருக்கு பாருங்க" என்று சொல்லி டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். அங்கே ஓப்பனும் இல்லை, லிப்ரேயும் இல்லை. எஸ்ஆபிஸ் என்று இருந்தது. அந்தச் சொல்லையும் மீட்பு என்ற சொல்லையும் சேர்த்துத் தேடச் சொன்னான். எல்லாக் காலத்துப் பதில்களும் ஒரே பக்கத்தில் வந்து நின்றன. மூன்றாவதாக இருந்த பதில் லிப்ரே, 4, யூசர் என்று வழியைச் சரியாகச் சொன்னது.

யூசர் என்ற போல்டருக்கு யூசர்-பழசு என்று பெயர் மாற்றினேன். லிப்ரேயைத் திறந்தேன். தேடிப் பார்த்தது, தன் போல்டரைக் காணவில்லை, புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது, சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. வைத்தியமே இவ்வளவுதான். பேரை மாற்றினால் அதனால் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்க முடியாததால் பழசை மறந்துவிடும். மூன்று நாளாக எனக்கு நடந்ததும் அதேதான் என்று அக்கா மகனிடம் சொன்னேன். சிரித்தான்.

பிற்பாடு தெரிந்தது, உதவி மெனுவிலேயே சேப் மோட் என்று ஒன்று இருக்கிறது, இந்த வேலையை அதுவே செய்யும். பழைய ஓப்பன் ஆபிஸ் காலத்துப் பதில்களில் அது எப்படி வரும்? அப்போது அது இல்லையே. இன்னொன்று: யூசர் போல்டரை அழித்துவிடாதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். நான் சேர்த்து வைத்த ஆள் பெயர்கள், தோட்டப் பெயர்கள் அடங்கிய சொந்த அகராதி அதற்குள்தான் இருந்தது. பழசில் இருந்து எடுத்துப் புதுசில் போட்டேன்.

இந்த எஸ் யாருடைய எஸ் என்று கேட்டபோதுதான் முழுக் கதையும் வந்தது. இந்த மென்பொருள் முதலில் ஸ்டார் ஆபிஸ், ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் பிள்ளை. சன் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனம் 1999இல் அதை வாங்கி, 2000இல் மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஓப்பன் ஆபிஸ் என்று வைக்கலாம் என்றால் அந்தப் பெயர் வேறு ஒருவரிடம் இருந்தது, அதனால் வாலில் டாட் ஆர்க் ஒட்டிக்கொண்டு ஓப்பன் ஆபிஸ் டாட் ஆர்க் ஆனது. பிரேசிலில் அதுவும் ஒத்துவராமல் பிஆர் ஆபிஸ் என்று வேறு பெயர். 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. அதே செப்டம்பரில் உழைத்துக்கொண்டிருந்தவர்கள் பலர் பிரிந்து போய் டாக்குமென்ட் பவுண்டேஷன் என்று தொடங்கினார்கள். பழைய பெயரைக் கொடுங்கள் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. கிடைக்கும்வரைக்கும் என்று வைத்த தற்காலிகப் பெயர்தான் லிப்ரே ஆபிஸ். 2011இல் ஆரக்கிள் அந்தப் பழைய பெயரை அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்துவிட்டது.

ஆக, குடும்பம் ஒரு வீட்டில், வீட்டுப் பத்திரம் இன்னொரு வீட்டில். அப்பாச்சி ஓப்பன் ஆபிஸ் 2014இல் 4.1க்கு வந்தது, அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் 4.1க்கு ஒட்டுப் போட்டவைதான். லிப்ரேக்காரர்கள் வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்பு விடுகிறார்கள். ஆனால் 2000இல் இருந்து உலகம் முழுக்க யார் யார் எங்கெங்கே எழுதி வைத்தார்களோ, அந்தச் சுட்டிகள் எல்லாம் பழைய முகவரிக்குத்தான் போகின்றன. பள்ளிக்கூட நோட்டு, நூலகப் பாடம், கையேடு, எல்லாம். தேடுபொறிக்கு ஒரு பெயரின் மேல் மதிப்பு வருவது மற்றவர்கள் அதை எத்தனை இடத்தில் சுட்டிக் காட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தும்தான். பத்து வருடம் சேர்த்த நல்ல பெயர் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. புதுப் பெயர் சுழியத்தில் இருந்து ஆரம்பித்தது. 2020 அக்டோபரில் லிப்ரேக்காரர்கள் அப்பாச்சிக்கு வெளிப்படையாகவே ஒரு கடிதம் எழுதி, உங்களிடம் வருபவர்களுக்கு நாங்கள் இருப்பதையாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு இதைக் கேட்டபோது சொத்துப் பிரிந்த அண்ணன் தம்பி ஞாபகம்தான் வந்தது. கல்யாணப் பத்திரிகை பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும், பிரித்து வாங்கி வைத்தவர் இவரிடம் சொல்லமாட்டார்.

ஒரே ஆள் பெயர் மாற்றினால் இவ்வளவு கஷ்டம் இல்லை. பழைய முகவரிக்குப் போகிறவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட 301 என்று ஒரு குறி இருக்கிறது, தேடுபொறியும் அதைப் புரிந்துகொள்ளும். தபால்காரரிடம் சொல்லி வைப்பது மாதிரி. வலியே, முகவரி வேறு ஒருவர் கைக்குப் போகும்போதுதான்.

இது லிப்ரேக்கு மட்டும் வந்த தலையெழுத்து இல்லை. 2003 வாக்கில் நான் கோலசிலாங்கூரில் ஒரு சைபர் கபேயில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக மாண்ட்ரேக் லினக்ஸ் என்ற இயங்குதளம். சின்ன வயதில் தமிழ்க் காமிக்ஸில் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் லோதாரையும் விழுந்து விழுந்து படித்தவள் நான், பெயரைப் பார்த்தே பிடித்துப்போனது. அந்த மந்திரவாதியின் உரிமைக்காரர்களான ஹெர்ஸ்ட் நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. வழக்குப் போட்டு, 2004இல் அந்த லினக்ஸைச் செய்த பிரெஞ்சு நிறுவனம் தோற்றது. 2005இல் பிரேசில் நிறுவனம் கனெக்டிவாவோடு சேர்ந்து மாண்ட்ரிவா ஆனது. பிறகு அதுவும் உடைந்து மஜேயா என்றும் ஓப்பன் மாண்ட்ரிவா என்றும் போயிற்று. இப்போது மாண்ட்ரேக் என்று தேடினால் எனக்கு மந்திரவாதிதான் வருகிறார். அதில் எனக்கு ஒன்றும் குறை இல்லை, ஆனால் அந்தக் காலத்து மாண்ட்ரேக் லினக்ஸ் குறிப்பு எதையாவது தேடுகிறவர் பாடு திண்டாட்டம். பயர்பாக்ஸ் உலாவிகூட 2002இல் பீனிக்ஸ், 2003இல் பயர்பேர்ட். இரண்டு பெயருமே வேறு யாருடையதோ என்று ஆன பிறகுதான் 2004இல் பயர்பாக்ஸ். நல்லவேளை, சீக்கிரமே மாற்றிக்கொண்டார்கள். ஊர் முழுக்கத் தெரிவதற்கு முன்னே மாற்றினால் சேதம் குறைவு.

என் மைத்துனர் வீட்டு டிவி பெட்டியில் கோடி இருக்கிறது. பணக் கோடி இல்லை, படம் பாட்டு ஓட்டும் மென்பொருள். அதன் பழைய பெயர் எக்ஸ்பிஎம்சி. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகச் செய்ததால் வந்த பெயர், பிறகு எக்ஸ்பாக்ஸில் ஓடுவதையே நிறுத்திவிட்டது, 2014இல் கோடி ஆனது. தமிழில் கோடி என்று தேடினால் என்னென்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் அவர் பெட்டியில் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தபோது, நான் இப்போது பெரிய ஆள் அல்லவா, கோடி என்று தேடவே இல்லை. எக்ஸ்பிஎம்சி என்று போட்டேன். வெளியே பெயர் மாறினாலும், அதற்குத் துணைநிரல் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் உள்ளே எக்ஸ்பிஎம்சி என்றுதான் அழைக்க வேண்டும். மூல நிரல் இருக்கும் இடத்துக்கும் அதே பெயர்தான். தமிழ் எழுத்து உள்ள எழுத்துருவுக்கு மாற்றினேன், சரியானது. மைத்துனர் ஒரு தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார்.

லிப்ரேயிலும் இப்படித்தான். மேலே லிப்ரே என்று சாயம் பூசியிருக்கிறார்கள், சுரண்டினால் ஓப்பன் ஆபிஸ், அதையும் சுரண்டினால் ஸ்டார். அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால் வரிக்கு வரி ஓப்பன் ஆபிஸ் பெயர். மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யவைக்கும் சின்ன நிரல்) எழுதினால் காம் டாட் சன் டாட் ஸ்டார் என்று தொடங்கும் நீளப் பெயர்கள். சன் நிறுவனமே இல்லை இப்போது. நான் ரசீது எண் தானாக ஏறுவதற்கு ஒரு சின்ன மேக்ரோ தேடியபோது அந்தச் சன்-ஸ்டார் பெயரை வைத்துத் தேடித்தான் 2006இல் யாரோ எழுதி வைத்ததைக் கண்டுபிடித்தேன். ஒரு எழுத்து மாற்றாமல் ஓடியது. அவசரப்பட்டு உள்ளே இருந்த பெயரையும் மாற்றியிருந்தால் அந்தப் பக்கம் எனக்கு வெறும் தாள். இந்த விஷயத்தில் லிப்ரேக்காரர்களைக் கும்பிட வேண்டும்.

இன்னொன்றுக்கும் கும்பிட வேண்டும் என்கிறான் அக்கா மகன். பிழைகளைப் பதியும் இடத்தை 2015இல் வேறு வீட்டுக்கு மாற்றினார்களாம். முன்னெழுத்து மாறியது, ஒவ்வொரு பிழையின் எண்ணையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். தோட்ட லயத்தை இடித்துத் தாமான் குடியிருப்புக்குக் குடியேற்றினாலும் வீட்டு எண் அதே.

அப்படிப்பட்டவர்கள் பதிப்பு எண்ணில் ஏன் கை வைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. 7.6க்கு அடுத்து 2024 தொடக்கத்தில் 24.2. வருடமும் மாதமுமாம். எட்டுக்காகக் காத்திருந்தவர்கள் எட்டு எங்கே என்று தேடியிருப்பார்கள். என்னை அந்த 4 போல்டரை மூட வைத்ததும் இந்த 24தான். பிறகு, உள்ளே இருக்கும் பகுதிகளுக்கு ரைட்டர், கால்க், டிரா, பேஸ் என்று பெயர். ரைட்டரில் ஓரம் சரியில்லை என்று தேடினால் எழுத்தாளர்களுக்கு அறிவுரை வருகிறது. பேஸ் என்று மட்டும் போட்டுத் தேடவே தேடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் தென்னமரம் என்று ஒரு தோட்டம். பிரெஞ்சுக்காரர் ஹென்றி போகோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் (பாமாயில் பனை) தோட்டத்தை அங்கேதான் போட்டார். நூறு வருடத்துக்கு மேலாகச் செம்பனை நிற்கும் இடத்துக்குத் தென்னமரம் என்று பெயர், யாரும் திருத்தவில்லை. வெளியூரில் இருந்து பாட்டன் பூட்டன் பிறந்த இடத்தைத் தேடி என் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. பழைய தாளில் தென்னமரம் என்று இருந்தால் ஐந்து நிமிடத்தில் வழி சொல்லி அனுப்பிவிடலாம். கத்ரி என்று கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால்தான் தொல்லை. கத்ரி 2007இல் கோல்டன் ஹோப்போடு சேர்ந்து சைம் டார்பிக்குள் போனது, தோட்டப் பிரிவு சைம் டார்பி பிளாண்டேஷன் ஆனது, 2024இல் அதற்கு எஸ்டி கத்ரி என்று பெயர். போன பெயர் திரும்பி வந்திருக்கிறது. இனி கத்ரி என்று தேடினால் தாத்தா வேலை பார்த்த கத்ரியும் வரும், இன்றைய கத்ரியும் வரும். என் அம்மா தெலுக் ஆன்சனில் பிறந்தவர். 1982இல் தெலுக் இந்தான் ஆகிவிட்டது. அம்மாவின் பிறப்புப் பத்திரத்துக்கு அது தெரியாது.

சரி, மதிப்பெண். மென்பொருளுக்கு நாலு. விலை இல்லை, விளம்பரம் இல்லை, ஹைபிரிட் பிடிஎப் இருக்கிறது, பதினைந்து வருடப் பழைய கோப்பையும் திறக்கிறது. ஒன்றைக் குறைத்தது பக்க ஓரக் கோட்டுக்கும் அந்த மீட்பு வட்டத்துக்கும். பேருக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் உள்பெயரைக் காப்பாற்றி வைத்ததற்காக. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வாங்க வேண்டியதில்லை, இறக்கிக்கொள்ளலாம். ஆனால் டாக்குமென்ட் பவுண்டேஷனின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும். பழைய பெயரைப் போட்டு இலவசம் என்றும் சேர்த்துத் தேடப்போய், முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தை நம்பி வேண்டாத நாலு சாமான்களையும் சேர்த்து இறக்கிக்கொண்ட வாடிக்கையாளர் ஒருவரின் கணினியைத் துடைத்து எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மடிக்கணினியின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ஸ்டார், ஓப்பன், லிப்ரே, எஸ்ஆபிஸ். எனக்கு அடுத்து கடையில் உட்காருகிறவருக்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆலயச் செயலாளர் அண்ணன் வந்தார். கும்பாபிஷேகத்துக்குப் பிறகு ஆலயத்தின் பெயருக்கு முன்னால் தேவி ஸ்ரீ மகா சேர்க்கிறார்களாம். புது ரசீதுப் புத்தகம் அடிக்க வேண்டும், அப்படியே என்னிடம் இருக்கும் ஒன்பது வருடக் கணக்குக் கோப்பிலும் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டுவிடு என்றார்.

"புது ரசீது அடிச்சுத் தர்றேன்ணே. பழைய கோப்புல கை வைக்கமாட்டேன்."

ரசீதின் அடியில், சின்ன எழுத்தில், முன்னாள் பெயர் இன்னது என்று ஒரு வரி சேர்த்து மாதிரி எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது எதுக்கும்மா, இடத்தை அடைக்குது."

"ஒரு ஓரமா இருக்கட்டும்ணே. போன வருசம் கொடுத்த ரசீதைத் தூக்கிக்கிட்டு யாராவது வருவாங்க."

கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று மாதிரித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.